கத்திரி தாங்குகிற வாக்ஸ்

காருக்குப் பாலிஷ் போடுகிறவனுக்கு முதலாளிகள் இரண்டு பேர்: எதிரே வண்டிக்காரர், தலைக்கு மேலே வெயில். வண்டிக்காரரிடமாவது “நாளைக்கு வாங்க” என்று சொல்லிப் பார்க்கலாம். வெயிலிடம் அது நடக்காது. அது நாளைக்கும் வரும், நாளை மறுநாளும் வரும், கூப்பிடாமலே வரும்.

புதுக்கோட்டையில் திருக்கோகர்ணம் பக்கம் ‘வாட்டர் சர்வீஸ், பாலிஷ், வாக்ஸ்’ என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறேன். பெயர் ஜபருல்லா. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை, எல்லாருக்கும் பாய்தான். அதற்கு முன்னால் சார்ஜாவில் ஒரு பெரிய கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில், ஏசி காற்றில், இதே வேலையைத்தான் பார்த்தேன். அங்கே நான் பாலிஷ் போட்ட வண்டிகள் வெயிலைப் பார்த்தனவா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. அந்த அனுபவத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்து பங்குனி மாதத்துப் புதுக்கோட்டையில் கடை திறந்தால் என்ன ஆகும்?

மத்தியானம் வண்டியை வெட்டவெளியில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கையை உதறிய அத்தனை பேரும் எனக்கு உறவுக்காரர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எந்த வாக்ஸ் நம் ஊர் வெயிலுக்கு நிற்கும் என்று ஒரு கோடை முழுக்கத் தேடினேன். தேடியது நான், கிடைத்தது மற்றவர்கள் புண்ணியத்தில். அந்த நன்றியை எங்காவது ஓரிடத்தில் சொல்லிவிட வேண்டும்.

பனங்காட்டுக்குப் பனை

கடை திறந்த புதிதில் நான் தலையில் வைத்துக் கொண்டாடிய வாக்ஸ், பிரேசில் நாட்டில் விளையும் ஒரு பனை ஜாதி மரத்தின் ஓலையிலிருந்து எடுப்பது. அந்த ஊர் வெயிலில் காய்ந்து போகாமலிருக்க அந்த மரம் தன் ஓலை மேல் தானே மெழுகு பூசிக்கொள்ளுமாம். அதைத் தட்டி எடுத்து உருக்கி டப்பாவில் அடைத்து அனுப்புகிறார்கள். பூசித் துடைத்தால் வண்டி நனைந்தது போல மினுங்கும். அந்த மினுக்கம் வேறு எதிலும் வராது என்று இன்றைக்கும் சொல்வேன்.

குன்றாண்டார்கோவில் பக்கமிருந்து வந்த ஒரு விவசாயியிடம் இந்தக் கதையை விஸ்தாரமாகச் சொன்னேன். ஓலை, மெழுகு, கப்பல் எல்லாவற்றையும் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். டப்பாவை வாங்கி மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: “எங்க வரப்பு பூரா பனைதான் நிக்கிது. நுங்கு குடுத்துச்சு, கெழங்கு குடுத்துச்சு, இதை மட்டும் எங்ககிட்டச் சொல்லாம மறைச்சிருச்சே பாய்!”

சனிக்கிழமை எண்ணெய்

வாக்ஸ் வாங்கினால் வீண் செலவு என்று நினைப்பவர்கள் ஆளுக்கு ஒரு கைவைத்தியம் வைத்திருப்பார்கள். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைப்பவர் உண்டு. ஷாம்பூ பாக்கெட்டைப் பிரித்து அப்படியே கவிழ்ப்பவர் உண்டு. கீரனூரிலிருந்து வந்த ஒரு வேன் டிரைவர் எல்லாரையும் தாண்டிவிட்டார். சனிக்கிழமை தான் எண்ணெய் தேய்த்துக் குளித்தபோது, தனக்குச் சூடு தணிகிற மாதிரி வேனுக்கும் தணியட்டுமே என்று நல்ல மனசோடு தேங்காய் எண்ணெயை எடுத்து வேன் முழுக்கத் தடவிவிட்டார். பளபளவென்று இருந்ததாம், வீட்டு வாசல் தாண்டுகிற வரைக்கும்.

வழியில் ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது. என் கடைக்கு அந்த வேன் வந்து நின்றபோது, மசாலா தடவிப் பொரிக்க வைத்த மீன் மாதிரி இருந்தது. செம்மண் எண்ணெயில் ஊறி, அதன் மேல் வெயில் வறுத்து, விரலால் சுரண்டினால்கூட வரவில்லை. அதைக் கழுவி முடிப்பதற்குள் எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. கோபமாக ஏதோ சொல்லத் திரும்பினேன். அவர் அதற்கு முன்பே தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: “தப்பு எம்மேலதான் பாய், நல்லெண்ணெயில்ல போட்டிருக்கணும்!”

சின்னத்தம்பி அண்ணனின் கேள்வி

இப்படி நான் வெட்டியாகச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான், அடுத்த மாசிக் கடைசியில், வல்லத்திராக்கோட்டை சின்னத்தம்பி அண்ணன் வந்தார். நெடுநாள் அடுத்தவர் கார்களை ஓட்டியவர். இப்போதுதான் சொந்தமாக ஒரு கார், செகண்ட் ஹேண்டாக, கருநீல நிறத்தில் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். கருநீலம் வெயிலை அப்படியே குடிக்கும் நிறம். மேற்கூரையில் பெயின்ட் ஏற்கெனவே தோலுரிந்து போய், கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தார். முன்னால் இன்ஜினை மூடும் பானட் மட்டும் பிழைத்திருந்தது. ஆனால் அதன் நடுவில் வெளிறிய திட்டு ஒன்று விழுந்திருந்தது. தோல் உரிவதற்கு முன்னால் அப்படித்தான் வெளிறும். இன்னொரு கோடையைச் சும்மா கடந்தால் அதுவும் உரிந்துவிடும் என்பது பார்த்த உடனே தெரிந்தது.

வைகாசிக் கடைசி முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வண்டியாக அவரைக் கேட்டிருந்தார்கள். கத்திரி முடிந்ததும் நேரில் வந்து வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்களாம். ஒரு கல்யாணத்தில் வண்டி நன்றாக நின்றால், அங்கே சாப்பிட வந்தவர்கள் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள். பானட் உரிந்து போய் நின்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். புதுப் பெயின்ட் அடிக்க அவருக்கு இப்போது வழியில்லை. வண்டியை விற்றுவிட்டுப் பழையபடி அடுத்தவர் காருக்குப் போக வேண்டியதுதான். இதையெல்லாம் அவர் புலம்பலாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

நான் வழக்கம்போல அலமாரியிலிருந்து பனை வாக்ஸை எடுத்து, “ஆறு மாசம் நிக்கும்னு போட்டிருக்கு அண்ணே” என்று ஆரம்பித்தேன். அவர் டப்பாவைத் தொடவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “டப்பா சொல்றது இருக்கட்டும் பாய். கத்திரி தாங்குமா, அதை நீங்க சொல்லுங்க.”

நாலு கட்டம்

எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். “சித்திரை பொறந்ததும் வாங்க அண்ணே, தெரிஞ்சு வச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் நெழல்ல நிப்பாட்டுங்க.” வேறு யாராக இருந்தாலும் அடுத்த கடைக்குப் போயிருப்பார்கள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டல்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

பழைய இரும்புக் கடையில் ஒரு காரின் பானட்டைத் தேடி எடுத்து வந்தேன். கறுப்பு நிறம். நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்து, டேப் ஒட்டி நாலு கட்டமாகப் பிரித்தேன். முதல் கட்டத்தில் பனை வாக்ஸ். இரண்டாவதில் ஸ்ப்ரே வாக்ஸ், அடித்துத் துடைத்தால் வேலை முடிந்தது. மூன்றாவதில் சீலன்ட் என்கிற செயற்கை வாக்ஸ், பார்க்கத் தயிர் மாதிரி இருக்கும், பூசிக் காயவிட்டுத் துடைக்க வேண்டும், வேலை வாங்கும். நாலாவது கட்டத்துக்கு ஒன்றுமில்லை. கடை வாசலில், ஒரு பொட்டு நிழல் விழாத இடமாகப் பார்த்து, இரண்டு ஸ்டூல் மேல் அந்த பானட்டைக் கிடத்தினேன். சாயங்காலம் சாயங்காலம் சூடு தணிந்த பிறகு தண்ணீர் தெளிப்பேன். வாக்ஸ் உயிரோடு இருந்தால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும். செத்திருந்தால் பாயாகப் படர்ந்துவிடும்.

எதிரே ஆட்டோ ஸ்டாண்ட். இரண்டே நாளில் அங்கே கட்சி பிரிந்துவிட்டது. பனைக் கட்சி, ஸ்ப்ரே கட்சி, தயிர்க் கட்சி. நான் தண்ணீர் தெளிக்கிற நேரத்துக்குச் சவாரியைக்கூட விட்டுவிட்டு வந்து நின்றார்கள். பங்குனி பாதியில் பனைக் கட்டத்தில் தண்ணீர் படரத் தொடங்கியபோது, எனக்கே ஒரு சொந்தக்காரரைப் பறிகொடுத்தது மாதிரி இருந்தது. முருகேசன் என்று ஒரு ஆட்டோக்காரர் மட்டும் ஆரம்பத்திலிருந்தே நாலாவது கட்டத்துக்கு, அதாவது ஒன்றும் பூசாத கட்டத்துக்கு, ஆதரவாக நின்றார். ஏன் என்று கேட்டால் சொன்னார்: “அதுதான் பாய் நம்மாளு. யாரும் எதுவும் தடவி விடல, யாரையும் குத்தமும் சொல்லல.”

மலர்க்கொடி அக்காவின் வத்தல்

பங்குனி முடிகிற சமயத்தில் போட்டி ஸ்ப்ரேக்கும் தயிருக்கும் என்று ஆகிவிட்டது. இரண்டிலும் தண்ணீர் உருண்டுதான் நின்றது. உண்மையைச் சொன்னால் என் மனம் ஸ்ப்ரே பக்கம் சாய்ந்திருந்தது, வேலை சுலபம். சின்னத்தம்பி அண்ணனுக்கும் அதையே அடித்துவிடலாம் என்று முடிவு செய்துகொண்டு, சாமான் வாங்க ஒரு நாள் விடிந்ததும் திருச்சிக்குக் கிளம்பிப் போனேன்.

மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால் என் பானட்டைக் காணோம். அதாவது, இருக்கிறது. அதன் மேல் வட்ட வட்டமாக, வெள்ளை வெளேரென்று, கூழ் வத்தல்! பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கும் மலர்க்கொடி அக்கா வேலை. அரிசிக் கூழில் உப்பும் பச்சை மிளகாயும் எலுமிச்சம்பழமும் போட்டுக் கிண்டி, நாலு கட்டத்தையும் தாண்டி, டேப் மேலும் ஊற்றி வைத்திருந்தார். நான் கத்தினேன். ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வரும்படி கத்தினேன். “என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க, ஒரு மாச வேல!” அக்கா கொஞ்சமும் அசரவில்லை. “தெனம் கழுவி சுத்தமா காய வைக்கிறீங்க, சும்மாத்தானே கெடந்துச்சு? வேட்டியில ஊத்துனா ஒட்டிக்கிது, பின்னால தண்ணி தெளிச்சு உரிக்கணும். இங்கிட்டு நல்லா சுள்ளுன்னு இருந்துச்சு, ஊத்திட்டேன்” என்றார். ஈரத்தில் சுரண்டினால் இன்னும் நாசமாகும் என்பதால், தலைவிதி என்று காயவிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அக்கா முறத்தோடு வந்தார். ஒன்றும் பூசாத கட்டத்தில் வத்தல் கல்லாக இறுகிக் கிடந்தது. பனைக் கட்டத்தில் துண்டு துண்டாக வந்தது. நான் நம்பிய ஸ்ப்ரே கட்டத்தில் நடுப்பகுதி வந்தது, விளிம்பு வரவில்லை. மூன்றாவது கட்டத்தில் அக்கா விரலை வைத்ததும் வத்தல் முழுசாக, அப்பளம் போல, தானே எழுந்து வந்தது. ஒன்றல்ல, அந்தக் கட்டத்திலிருந்த எல்லாமே! அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நம் ஊரில் வெயில் தனியாக வருவதில்லை. காக்கை எச்சம், வேப்பம்பூ, போர்வெல் தண்ணீரின் உப்பு எல்லாவற்றையும் பெயின்ட் மேல் வைத்துச் சுடுகிறது. சுட்டதை ஒட்டவிடாத வாக்ஸ்தான் நமக்கு வேண்டிய வாக்ஸ். மாதம் முழுக்கத் தண்ணீர் தெளித்து நான் தெரிந்துகொள்ளாததை ஒரு படி அரிசிக் கூழ் சொல்லிவிட்டது. மருந்து பட்ட வத்தல், வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லி, கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டு, ரொம்ப நன்றி அக்கா என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அக்கா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. மூன்றாவது கட்டத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “ஏன் பாய், இதைத் தோசைக்கல்லுக்குத் தடவலாமா?”

மெல்லிசாகப் பூசுதல்

சித்திரை பிறந்ததும் சொன்னபடி சின்னத்தம்பி அண்ணன் வந்தார். விடியற்காலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது, நிழலில் நிறுத்திக் கழுவினேன். வெளிறிய திட்டை மெதுவாகப் பாலிஷ் பிடித்து எடுத்தேன். பெயின்டில் மிச்சமிருந்ததே கொஞ்சம்தான். பிறகு சீலன்டைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகத் தடவினேன். நீங்களும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: வாக்ஸ் என்பது சந்தனக் காப்பு அல்ல, கூடுதலாக அப்பினால் பலன் கூடிவிடாது. மிச்சமெல்லாம் துடைக்கிற துணிக்குத்தான் போகும். இதை அவரிடம் சொல்லிப் புரியவைப்பதற்குள் விடிந்து வெயில் வந்துவிட்டது. “இன்னுங் கொஞ்சம் தாராளமாத் தடவுங்க பாய்” என்று பக்கத்திலேயே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

துடைத்து முடித்த பானட்டில் வானம் தெரிந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். சந்தனம், குங்குமம். பானட் நடுவில் மூன்று விரலால் இழுத்துவிடக் கையை நீட்டியவரை, குறுக்கே பாய்ந்து தடுத்தேன். வாக்ஸ் நன்றாகப் பிடிக்கும் முன்பே அந்தச் சந்தனம் வெயிலில் காய்ந்து இறுகினால் அதன் தடம் போகாது. ஒரு நிமிடம் எங்கள் இருவருக்குமே சங்கடமாக இருந்தது. அவர் சாமி விஷயம், தடுப்பது நான். அண்ணன் யோசித்துவிட்டுக் கீழே குனிந்து, நம்பர் பிளேட்டின் ஓரத்தில் பொட்டு வைத்தார். நிமிர்ந்து என் தோளைத் தட்டிச் சொன்னார்: “அங்க பாத்தாலே இது யாரு வண்டின்னு சாமிக்கித் தெரிஞ்சிரும், நீங்க மனச விடாதீங்க பாய்.”

பார்க்க வந்தவர்கள்

அந்த வருஷத்துக் கத்திரியை நான் மறக்க மாட்டேன். மற்றவர்கள் மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்தார்கள். நான் வல்லத்திராக்கோட்டைத் திசையைப் பார்த்தேன். வாரம் ஒரு முறை அண்ணன் போன் செய்வார். “இருக்கு பாய்” என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஒரு தடவை காக்கை எச்சம் விழுந்து மத்தியானம் முழுக்கக் காய்ந்துவிட்டது என்று பதறிக் கூப்பிட்டார். தண்ணீரை ஊற்றி ஊறவிடுங்கள் என்றேன். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, தானாக வழுக்கிக்கொண்டு போய்விட்டது என்றார். எனக்குப் பசித்தது. அதுவரை சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வண்டி பார்க்க என் கடை வாசலுக்கே வந்தார்கள். டவுனில் இடம் சொல்ல வேண்டும் என்று அண்ணன் இந்த இடத்தைச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் கறாரான ஆள். டயரை உதைத்தார், சீட்டை அமுக்கினார், மேற்கூரை ஸ்டிக்கரை நகத்தால் நெருடிப் பார்த்து “ம்ம்” என்றார். அந்த “ம்ம்” எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியாக பானட்டின் முன்னால் வந்து நின்று குனிந்தார். மலர்க்கொடி அக்கா கரண்டியோடு வாசலில் நின்றார். அண்ணன் என் கையைப் பிடித்திருந்தார், அதுகூட அவருக்குத் தெரியாது. தாய்மாமன் பானட்டையே பார்த்தார். பிறகு பையிலிருந்து சீப்பை எடுத்து, பானட்டில் முகம் பார்த்து, நிதானமாகத் தலையை வாரிக்கொண்டு சொன்னார்: “இந்த வண்டியே இருக்கட்டும். மாப்பிள்ளைக்கிக் கண்ணாடி வேற தேட வேண்டியதில்ல.”

முதல் மழை

அந்தக் கல்யாணம் நன்றாக நடந்தது. அங்கே சாப்பிட வந்தவர்களில் இரண்டு வீட்டார் ஆவணிக்கும் அண்ணனைச் சொல்லி வைத்தார்கள். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனி மாதத்தில் ஒரு நாள், சாயங்காலம், நல்ல மழை. வண்டி கழுவ யாரும் வர மாட்டார்கள் என்று பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கருநீலக் கார் வந்து நின்றது. முன் சீட்டில் ஒரு பெண். அண்ணன் மனைவி செல்வி அக்கா. வண்டி வாங்கியதிலிருந்து எப்போதும் சவாரி இருந்ததால் அக்கா அதில் ஏறியதே இல்லையாம். மழை பெய்ததும், “வா, ஒண்ணு காட்டுறேன்” என்று கூட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டார். காட்டினார். பானட் முழுக்க மழைத்துளிகள் உருண்டு உருண்டு நின்றன, ஒன்றுகூடப் படரவில்லை. மூன்று பேரும் கடைக் கூரைக்குக் கீழே நின்று ஒரு தகரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

செல்வி அக்கா துளிகளை விரலால் தள்ளிப் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார். பிறகு, என்ன தோன்றியதோ, அண்ணனின் வலது கையைப் பிடித்து, சட்டைக் கையை மேலே தூக்கி, இடது கையோடு சேர்த்து வைத்தார். ஜன்னல் பக்கத்து வெயில் நாளெல்லாம் விழுந்து விழுந்து, வலது கை முழங்கை வரைக்கும் கருகி, அங்கங்கே தோல் உரிந்திருந்தது. இத்தனை மாதம் அந்த மனிதரோடு பழகியும் பானட்டைத்தான் பார்த்திருக்கிறேன், கையைப் பார்க்கவில்லை. அண்ணன் வெட்கப்பட்டுக் கையை இழுத்தார். அக்கா விடவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கண் சிரிக்கவில்லை: “வண்டி கத்திரியத் தாங்கிருச்சு பாய், ரொம்பச் சந்தோசம். ஓட்டுறவருக்குத் தடவ ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?”

அதற்கு மட்டும் எங்கள் தொழிலில் இன்னும் டப்பா வரவில்லை என்பதால், பக்கத்துக் கடையில் மூன்று டீ சொல்லிவிட்டு, அந்த மழையிலும் அண்ணனை நிழலாகப் பார்த்து உட்கார வைத்தேன்.